ஒரு டம்ளர் டீக்கு எத்தனை வருஷம்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. குண்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம்.

குண்டு என்பது எங்கள் இயந்திரத்தின் செல்லப் பெயர். கல்யாண அண்டா அளவுக்கு உருண்டையான எஃகுக் கலம், பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தையும் அபூர்வ ரகமான ஹீலியம்-3 வாயுவையும் துளித்துளியாக விட்டு, அறுபதாயிரம் வோல்ட் கொடுத்தால் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்குள் அணுக்கள் மோதி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் சக்தி. சூரியனுக்குள் நடப்பதற்கு இது ஒன்றுவிட்ட சொந்தம்.

இது ஏன் கோயம்புத்தூரில், அரசூர் பக்கம், ஒரு பம்ப் கம்பெனியின் பின்கட்டு அறையில் நடக்கிறது என்று என் அம்மாகூடக் கேட்டுவிட்டாள். முதலாளி சென்னியப்பன் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஹீலியம்-3 பற்றிக் கட்டுரை படித்தார். அவ்வளவுதான் காரணம். வேறு முதலாளிகள் அப்படிப் படித்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போவார்கள்.

என் வேலை வெற்றிடம். குண்டுக்குள் வெளிக்காற்று ஒரு பொட்டுக்கூடப் போகாமல் காவல் காப்பது. அணுக்களை டாக்டர் ஜெரால்டு பர்னாந்து பார்த்துக்கொள்கிறார். தூத்துக்குடிக்காரர், ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்தவர், எதைக் கண்டாலும் உற்சாகமாகிவிடும் ஆள். இது அவருடைய முதல் ஆயுத பூஜை. காந்திபுரம் போய், இரண்டு மூன்று வாரம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்ன கேஸ் பலூன் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்தார், பஸ்ஸில்.

"ஹீலியம் மெஷினுக்கு ஹீலியம் பலூன் கட்டுததுதான மேடம் மரியாதை?" என்றார்.

ஜன்னலைச் சுற்றி நானே கட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காயை முதலாளியே உடைத்தார். தீபாவளி வரைக்கும் அலங்காரத்தைக் கழற்றக் கூடாதாம், உத்தரவு.

அக்டோபர் 3, வெள்ளி

சாந்தாமணி அம்மா வந்தார். முதலாளியின் தங்கை, கம்பெனியில் சரிபாதிக்கு உரிமைக்காரர். வந்தவர் குண்டைப் பார்க்கவில்லை. அறையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

"அண்ணா, இந்த ரூம் எனக்கு வேணும். வாராவாரம் மோட்டாருக்குள்ள தண்ணி பூந்து திரும்பி வருது. இங்க தொட்டியில முக்கிப் பார்த்தா ஒரு குமிழி வர்றதில்ல. தோட்டத்துக் கெணத்துல எறக்குனா ரெண்டே மாசத்துல காயில் எரிஞ்சுபோகுது. ஒழுங்கா ஒரு டெஸ்டிங் வெக்கோணும்."

"சாந்தா, இங்க நடக்கறது சாதாரண வேலையில்ல. ஹீலியம்-3ல நியூட்ரான் தொல்லை கம்மி, கழிவு கம்மி. தண்ணியக் கொதிக்க வெச்சு டர்பைன் சுத்த வேண்டியதில்ல, நேரா கரண்டே எடுத்துப்போடலாம். டாக்டர், நீங்க சொல்லுங்க."

ஜெரால்டுக்குப் பொய் வராது. அதுதான் அவரிடம் உள்ள குறை. "எடுக்கலாம்மா. ஆனா மத்த ரகத்தவிட இதுக்குச் சூடு பல மடங்கு வேணும். அம்புட்டுச் சூட்டுல பாதிச் சக்தி எக்ஸ்ரேயாவே ஓடிப்போயிரும். பொறவு, ஹீலியம்-3 பூமியில கெடைக்கதே அபூர்வம். நம்மகிட்ட இருக்கது அந்தச் சின்னக் குப்பிதான்."

"வேற எங்கதான் கெடைக்குது?"

"நிலாவுல இருக்கும்மா. ஒரு லாரி மண்ணச் சலிச்சா ஒரு சிட்டிகைகூடத் தேறாது."

"வெள்ளலூருக்கு மண்ணு எடுக்கவே லாரிக்காரன் வரமாட்டேங்கறான். நிலாவுக்கு எவன் வருவான்?"

முதலாளி மேற்கூரையைப் பார்த்தார். சாந்தாமணி அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மிணி, நீ சொல்லு. இதை வெச்சு ஒரு டம்ளர் டீ போடறதுக்கு எத்தனை நாளாகும்? எனக்குப் புரியற மாதிரி அது ஒண்ணு போதும். பதினேழாந்தேதி பதிலோட வாங்க. சரியாயிருந்தா ரூம் உங்களுக்கு. இல்லாட்டி தீபாவளி கழிஞ்சதும் எனக்கு."

தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையே இல்லாத இயந்திரத்திடம் டீ கேட்கிறார். ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

அக்டோபர் 6, திங்கள்

மழை. அறையின் சிமெண்ட் கூரை ஒழுகுகிறது, சரியாக ஜன்னல் பக்கத்தில்தான். பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்து குண்டின் அந்தப் பாதியை மூடி, அடியில் இழுத்துக் கட்டினேன். பலூன்களும் உள்ளேயே இருக்கட்டும் என்று சேர்த்தே மூடினேன், உத்தரவு உத்தரவுதானே.

துணி எதுவும் காயவில்லை. ஈரத் துப்பட்டாவோடு வேலைக்குப் போனேன்.

ஓசூரிலிருந்து மெயில். ஃபிரிட்ஜ் தயாரிக்கும் கம்பெனி, பெரிய பதவி, குவார்ட்டர்ஸ் உண்டு. தீபாவளிக்குள் பதில் வேண்டுமாம். ஓசூரில் குளிர் அதிகம் என்று கேள்வி. எனக்கு சைனஸ் வேறு. யோசிக்க வேண்டும்.

ஜெரால்டு மதியம் முந்திரி மக்ரூன் இனிப்பு கொண்டுவந்தார். ஊரிலிருந்து அவர் அக்கா அனுப்பியதாம். எனக்கு நுனி உடையாத மக்ரூனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். தற்செயலாக இருக்கும்.

அக்டோபர் 8, புதன்

நாலு!

நிதானமாக எழுதுகிறேன். அணு ஒட்டினால் என்ன மிஞ்சும்? சாதாரண ஹீலியம், எடை 4. ஹீலியம்-3 விறகு என்றால் ஹீலியம்-4 சாம்பல். குண்டுக்குள் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று எடை பிரித்துக் காட்டும் கருவி ஒன்று என் வசம் இருக்கிறது. இன்று அதில் 4 என்ற இடத்தில் ஒரு கோடு எழும்பியது. டியூட்டீரியம் ஜோடியாகச் சேர்ந்தாலும் எடை 4 காட்டும். அதனால் டியூட்டீரியத்தை நிறுத்தி, ஹீலியத்தைத் தொடாத பம்பால் அதை மட்டும் முழுதாக உறிஞ்சிவிட்டுப் பார்த்தோம். கோடு அப்படியே நிற்கிறது. அப்படியானால் ஹீலியமேதான்.

சாம்பல் இருந்தால் அடுப்பு எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜெரால்டு நாற்காலி மேல் ஏறி நின்றார். பிறகு ஏன் ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினார். "கோகிலா!" என்றார். வந்த நாளிலிருந்து என்னை மேடம் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

கணக்கு போட்டோம். அந்தக் கோட்டின் உயரத்துக்கு ஏற்ற அணு ஒட்டல் உண்மையிலேயே நடந்தால், பத்தொன்பது நாளில் ஒரு டம்ளர் டீ!

உலகத்திலேயே மெதுவான டீதான். ஆனால் நம்ப முடியாத அளவுக்குச் சூடான டீ. இந்த மாதிரிச் சின்னக் குண்டில் யாரும் இவ்வளவு எடுத்ததில்லை.

ஒரு சின்ன விஷயம். டியூட்டீரியமும் டியூட்டீரியமும் மோதினால் நியூட்ரான் வரும். அது வேண்டாத விருந்தாளி, ஆனாலும் வந்தே தீரும். இவ்வளவு ஒட்டல் நடந்தால் நியூட்ரான் எண்ணும் கருவி அலறியிருக்க வேண்டும். அது எப்போதும்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் டிக் என்கிறது. ஹீலியம்-3க்கு நியூட்ரான் கம்மி என்பதுதானே அதன் பெருமை என்று பேசி முடித்துக்கொண்டோம். புரோட்டான் பிடிக்கும் கருவி வந்துவிட்டால் சந்தேகமே இருக்காது. பார்சல் வந்துகொண்டே இருக்கிறது, ஒரு மாதமாக.

அக்டோபர் 11, சனி

முதலாளி ஒரு வெள்ளி டம்ளர் வாங்கிவிட்டார். அடியில் பெயர் வெட்டியிருக்கிறது. அவர் பெயர் இல்லை, 'குண்டு' என்று.

"மொதல் டீ இதுலதான் அம்மிணி. பத்தொம்பது நாள் என்ன, நான் கயித்துக் கட்டில் போட்டுட்டு இங்கயே படுத்துக்குவேன்."

ஃபவுண்டரிக்காரர், பேரிங் கடைக்காரர், சம்பந்தி வீடு என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சாந்தாமணி அம்மாகூட, "நெசமாத்தானா?" என்று ஃபோனில் கேட்டாராம். அறை எங்களுடையதுதான் என்று முதலாளி அடித்துச் சொல்கிறார்.

ஓசூருக்கு இன்னும் பதில் போடவில்லை. நேரமில்லை. ஜெரால்டோடு சிங்காநல்லூர் போய்க் குண்டுக்குள் மாட்டும் கம்பிவலை வாங்க வேண்டியிருந்தது. கம்பிவலைக் கடை பக்கத்தில் நல்ல கம்பங்கூழ் கிடைக்கிறது. அவருக்கு மோர்மிளகாய் பிடிக்காது, எடுத்து என் தட்டில் வைத்துவிட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

மின்சாரத்தை அணைத்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா வைத்துப் பார்த்தோம். வெளிச்சம் இல்லை, அடுப்பே இல்லை. கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. சொல்லப்போனால் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

"சுவத்துக்குள்ள ஏறுன ஹீலியம் மெதுவா வெளிய வருது" என்றார் ஜெரால்டு. நல்ல விளக்கம்தான். நானும் தலையாட்டினேன்.

வெற்றிட வேலைக்கு வந்து பத்து வருஷமாகிறது. அடுப்பை அணைத்த பிறகு வளரும் சாம்பலைப் பார்த்ததில்லை. இன்று சேமியா உப்புமா அடிப்பிடித்துவிட்டது, பாத்திரத்தை ஊற வைத்திருக்கிறேன். எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பலூன்.

அக்டோபர் 15, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மழைத் தண்ணீரைத் துடைக்கப் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கினேன். பன்னிரண்டு பலூனும் வாடிய கத்தரிக்காய் மாதிரி சுருங்கித் தொங்கின. அதற்குள் இருந்த ஹீலியம் எங்கே போயிருக்கும்? ஷீட்டுக்குள்தான் இருக்கும். நான்தானே அடியில் இழுத்துக் கட்டினேன். ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தண்ணீரையும் காற்றையும் தடுக்கும். ஹீலியம் அதன் வழியாக ஊறி உள்ளே போகும். இது எனக்குத் தெரியாத விஷயமா?

இதிலே மானக்கேடு என்னவென்றால், ஓட்டை கண்டுபிடிக்க உலகமெங்கும் எங்கள் தொழிலில் இதைத்தான் செய்வார்கள். கலத்தைப் பையால் மூடி, பைக்குள் ஹீலியம் அடைத்து, உள்ளே 4 எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். நான் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு, அதே சோதனையை முறைப்படி செய்து முடித்துவிட்டு அணு ஒட்டிவிட்டது என்று குதித்திருக்கிறோம். சாம்பல் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து பறந்து வந்திருக்கிறது.

ஜெரால்டிடம் சொன்னேன். பலூன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். சிரிக்க ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம், ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வெள்ளி டம்ளர்" என்றேன்.

"நாம சொல்லாட்டி யாருக்கும் தெரியாது" என்றார். உடனே, "ஆனா சொல்லிருவோம் கோகிலா. பொய்ச் சூரியனுக்குக் காவல் இருக்க என்னால ஆவாது" என்றார்.

சொன்னால் அறை போகும். அறை போனால் குண்டு போகும். குண்டு போனால் அவர் மறுபடி ஜெர்மனிக்கோ எங்கேயோ போவார். போனால் போகட்டும், எனக்கென்ன. அவரவர் பிழைப்பு அவரவருக்கு.

பலூன்களை வெட்டி எறிந்து, அறை ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டோம். சாயங்காலத்துக்குள் கோடு படுத்துவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

பார்சல் வந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

புரோட்டான் கருவியைப் பொருத்தி குண்டை ஓட்டினோம். இதை ஏமாற்றப் பலூனால் முடியாது. ஹீலியம்-3 ஒட்டினால் மட்டுமே பறந்து வரும் வேகமான புரோட்டான் இது. காத்திருந்தோம். ஒன்று விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு சோம்பேறித்தனமாக ஒவ்வொன்றாக.

ஜெரால்டு நாற்காலியில் ஏறவில்லை. திரையில் விரலை வைத்து, "இது நெசம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அரசூரில், ஒழுகும் கூரைக்குக் கீழே, நாங்கள் கட்டிய குண்டில் அணுக்கள் நிஜமாகவே ஒட்டுகின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பொய்க் கோட்டுக்குக் குதித்தபோதுகூட இந்த சந்தோஷம் இல்லை.

பிறகு கணக்கு போட்டோம். கருவியில் விழாமல் வேறு பக்கம் பறப்பதையும் சேர்த்து, நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஒட்டல்.

ஒரு டம்ளர் டீக்கு ஐந்து லட்சம் வருஷம்.

அக்டோபர் 17, வெள்ளி

அலுவலக அறை. முதலாளி வெள்ளி டம்ளரை மேஜைமேல் துடைத்து வைத்திருந்தார். அதைப் பார்க்காமல் இருக்க நான் காலண்டரைப் பார்த்தேன்.

நான்தான் சொன்னேன். வெற்றிடம் என் பொறுப்பு, ஷீட்டைக் கட்டியதும் நான். பலூனிலிருந்து ஆரம்பித்து ஐந்து லட்சம் வருஷம் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சூடு போதாது, கொடுக்கும் கரண்டில் கோடியில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை, ஹீலியம்-3 அந்தக் குப்பியோடு சரி என்று ஜெரால்டு மீதியைச் சொன்னார். கருவியில் விழுந்த புரோட்டான் ஒவ்வொன்றும் நிஜம் என்பதையும் சொன்னார்.

முதலாளி டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாந்தாமணி அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்முகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூசணிக்காயையும் ஒடச்சு!" என்றார். மறுபடி சிரிப்பு. அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது.

"இரு அம்மிணி. பலூன்ல இருந்து கசிஞ்ச காத்து, ரப்பருக்குள்ள பூந்து, இரும்புக் குண்டுக்குள்ள போனதையா உன்ற மெஷின் கண்டுபிடிச்சுது?"

"ஆமாங்கம்மா."

"தொட்டியில முக்குனா குமிழி வருமா அதுக்கு?"

"வராதுங்க. வருஷக்கணக்கா முக்கி வெச்சாலும் வராது."

"அப்ப என்ற மோட்டாருக்கு இதே பைய மாட்டி, இதே காத்த அடிச்சா?"

மூன்று வருஷமாக அந்தக் கருவியை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி இருக்கும் மோட்டாரைப் பற்றி நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எங்கள் அறைச் சுவருக்கு அப்பால் கம்பெனிப் பெண்கள் தொட்டிக்குள் குனிந்து குமிழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த இடத்துல ஓட்டைன்னு பொட்டு வெச்சே காட்டலாங்கம்மா" என்றேன்.

"அதச் சொல்றதுக்கு உங்களுக்கு மூணு வருஷமாச்சு." அண்ணன் பக்கம் திரும்பினார். "ரூம் எனக்குத்தான். காலையில மோட்டாரு. மதியத்துக்கு மேல அவிய சூரியன வெச்சு விளையாடட்டும். பொய் சொல்லி டீ குடிச்சிருந்தா ரெண்டு பேரையும் அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

முதலாளி டம்ளரை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா செய்த அதிரசம் கல்லு மாதிரி, எல்லாவற்றையும் தின்றேன். ஓசூருக்குப் பதில் எழுதினேன்: வர இயலாது. காரணமாக சைனஸைக் குறிப்பிட்டேன்.

அக்டோபர் 25, சனி

காலையில் ஆறு மோட்டாருக்குப் பை மாட்டினோம். இரண்டில் ஓட்டை பிடித்தேன், இரண்டும் ஒரே இடத்தில், கேபிள் நுழையும் கழுத்தில். சாந்தாமணி அம்மா அந்த இடத்தில் தன் கையாலேயே குங்குமம் வைத்தார். கேலி செய்கிறாரா, கும்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

மதியம் குண்டைச் சுற்றி மறுபடி பலூன்கள். நான் பதறிப்போய் ஓடினேன்.

"வாயால ஊதுனது" என்றார் ஜெரால்டு. பன்னிரண்டையும் அவரே ஊதியிருக்கிறார், கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. "நீங்க ஓசூர் போகலைன்னு மொதலாளி சொன்னாரு. சைனஸாமே?"

"ஆமா, ரொம்ப நாளா" என்றேன்.

"எனக்கும் அந்தக் குளிர் ஒத்துக்காதுன்னு, திரும்பக் கூப்புட்ட ஜெர்மனிக்காரங்களுக்குப் போன வாரமே எழுதிட்டேன்" என்றார். அங்கே நாலு வருஷம் இருந்தவர்!

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார். இருக்கலாம். சந்தோஷமாகத்தான் இருந்தேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

சுவரில் முதலாளி ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். 'டீ: 5,00,000 வருஷம்' என்று அவர் கையெழுத்து. இன்று புதுக் கம்பிவலை போட்டு வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினோம். புரோட்டான் முன்னைவிடச் சுறுசுறுப்பாக விழுந்தது. கணக்கு போட்டு, பழையதை அழித்து, புதிதாக எழுதினேன்: 4,20,000.

முதலாளி வெள்ளி டம்ளரில் கேண்டீன் டீயை உறிஞ்சிக்கொண்டே வந்து பலகையின் முன் நின்றார். உதடு அசைய மனக்கணக்கு போட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அடுத்த கட்டடத்தில் இருக்கும் தங்கைக்குக் கேட்கும்படி கத்தினார்.

"சாந்தா! ஒரே வாரத்துல எம்பதாயிரம் வருஷம் மிச்சம் பண்ணிப்போட்டாங்க!"